மொட்டை மாடியில் உருகிய பனியாறு

மகள் கையில் மாவுக்கட்டுடன் வந்து இறங்கிய வாரம், வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வராதவர்கள் குறைவு. சபையிலிருந்து வந்தவர்கள் ஜெபத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு விசாரணையை ஒரு மணி நேரம் நடத்தினார்கள். பொம்பளைப் பிள்ளை இமயமலையில் போய் மண் தோண்டி என்னத்தைக் கண்டாள்? இதுதான் எல்லோருக்கும் கேள்வி. பதிலைக் கேட்கும் பொறுமை ஒருவருக்கும் இல்லை. கொண்டுவந்த ஆப்பிளை அவர்களே நறுக்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

இவர்களில் மச்சான் தனி ரகம். என் மனைவியின் அண்ணன். போர்வெல் லாரி வைத்திருக்கிறார். பூமிக்குள் இருப்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பு.

“ஏத்தா, நான் ஆயிரம் அடி வரைக்கும் போட்டிருக்கேன். ஒரு ஐஸ் கட்டி வந்ததில்லையே?”

“அங்க பனி இருந்துச்சு மாமா, இப்ப இல்ல. அது இழுத்துட்டு வந்து போட்ட கல்லும் மண்ணும் மேடு மேடா கெடக்கு. அத வச்சு, எதுவரைக்கும் வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறோம்.”

“உருகிப்போன ஐஸுக்கு ஒரு படிப்பா? சர்பத் கடைக்காரன்ட்ட கேட்டா சொல்லிருவானே.”

அவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் மிஷன் பள்ளியில் புவியியல் வாத்தியார். பனியாறு சுமந்து வந்து படியவிட்டவை மொரைன்கள் என்று இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறவன். இரண்டு மதிப்பெண் கேள்வி. இந்த ஆளோடு எனக்கு என்ன பேச்சு என்று எழுந்து போய்விடுவேன்.

இமயமலையில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு மேட்டின் சரிவில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேல்பக்கம் இடிந்து அவள் மேல் விழுந்தது. இடுப்புவரை புதைந்தவளைக் கூட வந்த இருவர் தோண்டி எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கத் தகவல் இல்லை. பிறகு யாரோ ஒருவனுடைய போனிலிருந்து கூப்பிட்டாள். இன்றும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் என் விரல் பச்சைப் பொத்தானைத் தொடாது.

முழங்கை நீளத்தில் நான்கு இரும்புக் குழாய்களை ரயிலில் கூடவே கொண்டுவந்திருந்தாள். கறுப்புக் கவர் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, “அதத் தொடாதீங்கப்பா” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. புவியியல் வாத்தியார் அதையெல்லாம் கேட்பானா?

அவளை எக்ஸ்ரே எடுக்க மனைவி கூட்டிப்போன ஒரு காலையில் வீட்டில் நானும் மச்சானும்தான். மச்சான் மேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் குழாயை உருவியது நான். எதற்காக என் பிள்ளை புதைந்தாள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அறையில் வெளிச்சம் போதவில்லை என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். வாய் நசுங்கின குழாய் அது. டேப்பைப் பிரித்துச் செய்தித்தாளில் கொட்டினேன்.

ஈரமான சாம்பல் நிற மண். வேறு ஒன்றுமில்லை. இந்தக் கருமத்துக்கா?

மச்சான் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். “வண்டல் மாப்ள. ஒரு டிராக்டர் கொண்டாந்து கொட்டச் சொல்லவா?”

நானும் சிரித்தேன். ஈரம் காயட்டும் என்று மண்ணை வெயிலில் பரப்பி வைத்துவிட்டு, அரை மணி நேரம் அவரோடு சேர்ந்து, அவளை அங்கே ஆராய்ச்சிக்கு அனுப்பிய பேராசிரியரைத் திட்டினேன். பிறகு கரண்டியால் அள்ளி உள்ளே போட்டு, அதே டேப்பை அதே மடிப்பில் ஒட்டினேன்.

அன்று சாப்பிடும்போது மச்சான் மறுபடி ஆரம்பித்தார். “சரித்தா, ஐஸ் இருந்துச்சு. எப்ப இருந்துச்சுன்னு கல்லு சொல்லுமா?”

“மண்ணு சொல்லும் மாமா. ஒரு மணல் துகள் இருட்டுல பொதைஞ்ச நாள்லருந்து, சுத்தியுள்ள மண்ணோட கதிர்வீச்சு கொஞ்சங் கொஞ்சமா அதுல சேந்துக்கிட்டே வரும். எம்புட்டு சேந்திருக்குன்னு அளந்தா, எப்ப பொதைஞ்சதுன்னு தெரிஞ்சிரும். அதான் வெளிச்சம் படாம குழாய்ல எடுக்குறோம். லேப்ல செவப்பு லைட்லதான் தொறப்பாங்க.”

“வெயில் பட்டுச்சுன்னா?”

“போச்சு. சேந்தது பூரா அழிஞ்சிரும். மிஷின்ல வச்சா, பனி போன வாரம் உருகுச்சுன்னு சொல்லும்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பிய்த்த சப்பாத்தியை நான் தட்டிலேயே வைத்தேன். மச்சான் என்னைப் பார்க்காமல் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

வாசலில் வண்டியை எடுக்கும்போது சொன்னார்: “வாயத் தொறக்காத மாப்ள. சொன்னா திரும்ப அங்கதான் போயி நிப்பா. தப்பா வந்தா வந்துட்டுப் போகுது. பனி எப்ப உருகுச்சுன்னு எவன் போயி பாக்கப் போறான்?”

எவ்வளவு கேவலமான யோசனை! நானும் அதையேதான் யோசித்திருந்தேன். ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரு கையால் முடியாது என்று குழாய்களைக் கட்டச் சொன்னாள். கட்டிக்கொண்டிருந்தேன். வாய் நசுங்கினதைத் தட்டினாள். “இதுதான்பா முக்கியம். கடைசி மேடு. இடியிறதுக்கு முந்தி உருவினது. பனி எப்ப பின்வாங்க ஆரம்பிச்சுதுங்கிறது இதுக்குள்ளதான் இருக்கு.”

அந்த மண்ணுக்குப் பொய்யான ஒரு வயதைத் தன் பெயருக்குக் கீழே எழுதப்போகிறாள். சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. “எம்புட்டு நேரம் வெயில்ல இருந்துச்சு?”

“அரை மணி இருக்கும்.”

“ஒரு நிமிஷமே போதும்.” மார்க்கரை இடது கையில் பிடித்து, குழாயின் மேலிருந்த எண்ணைக் கோணல்மாணலாகக் கோடு போட்டு அடித்தாள். “ஜூன்ல ரோடு தெறக்கும். போறேன்.”

“அதே மேட்டுக்கா?”

“வேற எங்க?”

“நானும் வாரேம்மா.”

சபைக்காரர்களையும் மச்சானையும் அத்தனை நாள் நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி என்னைப் பார்த்தாள். “நீங்க எதுக்கு? அங்கயும் தொறந்து பாக்கவா?”

மூன்று குழாய்களோடு போனாள். நான்காவது கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்க்கிறேன் என்று மச்சான் என்னோடு பேசுவதில்லை. அது ஒன்றுதான் இதில் லாபம்.

இப்போது மே. காலையில் எழுந்ததும் அந்த மலைப்பாதை திறந்துவிட்டதா என்று போனில் பார்க்கிறேன். கணவாயில் பனி இன்னும் உருகவில்லை என்று இன்றைக்குப் போட்டிருந்தது. நல்லது.