பூச்செடிக்குப் பார்டர் கட்டிய ஆராய்ச்சி

சிவில் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று என் மாணவிகள் அடிக்கடி கேட்கிறார்கள். விதியில் உள்ளதைச் சொல்கிறேன். பாடம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். கமிட்டி முன்னால் நின்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். நல்ல பத்திரிகையில் கட்டுரை வர வேண்டும். பிறகு ஆய்வேடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. விதியில் இல்லாததையும் சொல்லலாம்தான். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரியும்.

செஞ்சிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்தேன். எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் பாறை. பாறை இருந்தால் கல் உடைக்கிற கிரஷர், கிரஷர் இருந்தால் பக்கத்திலேயே கல்தூள் குவியல். ஆற்று மணலுக்குப் பதிலாக அந்தத் தூளைப் போட்டு ஜனங்கள் வீடு கட்டுகிறார்கள். ஆனால் இங்கே சில ஊர்களில் மண்ணும் உப்பு, போர் தண்ணீரும் உப்பு. அந்த மண்ணுக்குள் நிற்கிற அஸ்திவாரம் காலத்துக்கும் தாங்குமா என்பதுதான் என் கேள்வி.

பதில் தெரிய ஒரே வழி, கல்தூள் கான்கிரீட்டைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்து, உப்புக் கரைசல் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்து மெஷினில் நசுக்கிப் பார்ப்பது. இந்தக் கட்டியை நாங்கள் க்யூப் என்போம். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் அதன் பலம். ஒரு மாதம் ஊறியது நன்றாகத் தாங்கியது, மூன்று மாதம் ஊறியது அதைவிட நன்றாகத் தாங்கியது. ஒரு வருஷம் ஊறியதன் பலம் என்ன என்று பத்திரிகை கேட்டது, கமிட்டியும் கேட்டது. அது இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு க்யூப்பின் தலையிலும் அது எந்தக் கலவை என்று சிவப்புப் பெயின்டில் எழுதித் தொட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

வருஷம் முடிகிற நேரத்தில் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. கல்யாணப் பத்திரிகை வைக்க நைனாவோடு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அனந்தபுரம், பனமலை என்று அலைவதற்கு ஒரு வாரம் லீவு போட்டேன். பத்திரிகையைப் பிரித்தால் என் பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் ‘முனைவர்’!

“இன்னும் வாங்கவே இல்ல, எதுக்கு நைனா போட்ட?”

“அடுத்த மாசம் குடுத்துடுவேன்னு நீதான சொன்ன? கல்யாணத்துக்கு முன்னப் பின்ன ஆவும், இன்னா இப்போ?”

தலையில் அடித்துக்கொண்டேன். அடித்த பத்திரிகையை என்ன செய்வது, வைத்தோம்.

நான் லீவில் இருந்த அதே வாரத்தில் கல்லூரியைப் பார்க்க ஒரு ஆய்வுக் குழு வந்துவிட்டுப் போனது. குழு வந்தால் எங்கள் கல்லூரி கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். சுவருக்குப் பெயின்ட், வாசலுக்குக் கோலம், வாடகைப் பூந்தொட்டிகள். திரும்பி வந்த அன்று கேட்டிலிருந்து நடந்து போகிறேன், பாதையின் இரண்டு பக்கமும் புதுச் செடிகள், செடிகளுக்கு நீலமும் வெள்ளையுமாக க்யூப் பார்டர். சிவில் துறை உள்ள எல்லாக் கல்லூரியிலும் நசுக்கி முடித்த க்யூப்புகள் இப்படித்தான் தோட்டத்துக்குப் போகும். பரவாயில்லையே, அழகாக இருக்கிறதே என்று நினைத்தபடியே நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. நசுக்கிய க்யூப்புக்கு ஓரம் இருக்காது. இவற்றுக்கு எல்லா ஓரமும் முழுசாக இருந்தன.

லேபுக்குப் பின்னால் ஓடினேன். தொட்டி காலி. அடியில் உப்புதான் பொருக்குத் தட்டிக் கிடந்தது.

“ஹெச்.ஓ.டி. சார்தாம்மா பின்னால இருக்கறத எடுத்துக்கன்னாரு,” என்றார் தோட்ட வேலை பார்க்கும் அண்ணன். “ஒடஞ்சதெல்லாம் அசிங்கமா இருக்குதுன்னு முழுசா இருக்கறதா பாத்து எடுத்தம்.”

அவரை நான் என்ன சொல்ல? அவருக்குச் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். ஒரு க்யூப்பை எடுத்துச் சுரண்டினேன். நீலத்தோடு சேர்ந்து சிவப்பும் உரிந்து வந்தது. எது எந்தக் கலவை என்று இனி யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் ஒரு வாரம் வெயிலில் காய்ந்ததை வைத்து எதைச் சொல்வது?

துறைத் தலைவரான அந்த ஹெச்.ஓ.டி.தான் என் ஆராய்ச்சிக்கும் கைடு. வார்க்கும்போது பக்கத்தில் நின்றவர், தொட்டியை எங்கே வைப்பது என்று இடம் காட்டியவர். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று என் ஒரு வருஷத்தை எடுத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். அறைக்குள் போய்ச் சொன்னேன். “அடடா” என்றார். அவ்வளவுதான்.

“சரி விடும்மா. மூணு மாசம் வரைக்கும் கர்வ் மேலதான போகுது? அப்படியே நீட்டி ஒரு வருஷத்துக்கு ஒரு நம்பர் போடு. யார் வந்து உடைச்சுப் பாக்கப் போறா?”

“சார், உடைக்காம எப்படி சார் போடறது?”

“மே மாசம் நான் ரிட்டயர்டு. அப்புறம் வேற கைடு, நாய் படாத பாடு படுவ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

வீட்டில் இன்னும் மோசம். “சாரே சொல்றாரு இல்ல? எழுதிக் குடுத்துட்டுப் போயேன். பத்திரிகை ஊரு பூரா போயிட்ச்சு,” என்றார் நைனா. உன் பத்திரிகைக்காக நான் பொய் எழுதணுமா என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். கல்யாணம் வரைக்கும் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் வகுப்பு முடிந்து உட்கார்ந்து அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தும் பார்த்தேன். கோடு எவ்வளவு நன்றாக ஏறியது தெரியுமா! யாருக்கும் சந்தேகமே வராது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அழித்தேன்.

கல்யாண மண்டபத்தில் “டாக்டரம்மா” என்று கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் இன்னும் ஆகவில்லை என்று சொன்னேன். நைனா முகம் சிறுத்துப் போனது. சிறுக்கட்டும் என்று இருந்தேன்.

புதிதாக வார்த்தேன். இந்த முறை தொட்டிக்கு என் செலவில் மூடி போட்டுப் பூட்டும் போட்டேன். கைடு ரிட்டயர் ஆனார். புது கைடு கிடைக்க அலைந்தேன், கூடுதல் காலம் கேட்டுக் கமிட்டி முன்னால் நின்றேன். க்யூப் எங்கே போனது என்று கேட்டார்கள். செடிக்குப் பார்டர் கட்டினார்கள் என்றேன். ஒருவர் சிரித்தார். சிரிப்பு வராதா பின்னே, அவர் வருஷமா போனது?

வருஷம் திரும்பியது. தொட்டியிலிருந்து எடுக்கும்போதே சில க்யூப்புகளின் மூலை விரலில் பொடிந்தது. ஒன்றை மெஷினில் வைத்தேன். மூன்று மாதத்தில் தாங்கிய பாரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, நசுங்கிவிட்டது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. கோடு ஏறவில்லை, இறங்கியது. உப்பு மண்ணில் இந்தக் கலவையை நம்பி அஸ்திவாரம் போடக் கூடாது. இறங்கிய கோட்டை அப்படியே ஆய்வேட்டில் வைத்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விடாமல் கேட்டார், நானும் விடாமல் பதில் சொன்னேன். முடிந்ததும் வழக்கப்படி மரியாதை செய்கிற நேரம். முதல் வரிசையில் பழைய கைடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார்கள். போர்த்தினேன். குனிந்து என் காதருகில் சொன்னார்:

“அன்னிக்கே நான் சொன்ன மாதிரி எழுதியிருந்தா ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்மா. ரிசல்ட்டும் நல்லா வந்திருக்கும்.”

கிண்டல் இல்லை. மனசார எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

“அந்த நல்ல ரிசல்ட்ட நம்பி ஒருத்தர் வீடு கட்டியிருந்தா, சார்?” என்று கேட்டேன். கைதட்டலில் அவர் காதில் விழவில்லை போல. போட்டோவுக்குச் சிரித்தார். எனக்குப் பட்டம் கொடுக்கலாம் என்ற அறிக்கையில் தேர்வாளர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. மேஜை மேல் மைக் இருந்தது. அதை எடுத்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.