என் மகளுக்கு வராத ‘க’

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் நடந்தது இது. ஜன்னலோரம் என் நான்கு வயது மகள், பக்கத்தில் நான். என் கைப்பையில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றும் ஒரு ஸ்பூனும் இருந்தன. விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன்.

ஸ்பூன் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒலியியல் நடத்துகிறவள் நான். நுரையீரலிலிருந்து வரும் காற்று வாய்க்குள் எந்த இடத்தில் மறிக்கப்படுகிறதோ, அதைப் பொறுத்து ஒலி மாறும். உதடுகள் ஒட்டிப் பிரிந்தால் ப. நாக்கு நுனி மேல் பல்லைத் தொட்டால் த. நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தின் பின்புறத்தை முட்டினால் க. வருடா வருடம் கரும்பலகையில் பாதி முகம் வரைந்து, இதைத்தான் பாடமாக எடுக்கிறேன்.

அப்படிப்பட்டவளின் மகளுக்கே க வரவில்லை. மொட்டை மாடியில் காக்காவைக் காட்டினால் ‘தாத்தா’ என்பாள். என் மாமனார் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கோ மானம் போகும். ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க வேண்டும். “ஊருக்கெல்லாம் உச்சரிப்பு சொல்லித் தர்றீங்க, உங்க வீட்லயே இப்டியா?” என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டது எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

காலையில் பல் தேய்த்ததும் கண்ணாடி முன் நிறுத்துவேன். நாக்கு நுனி மேலே போகாமல் ஸ்பூனால் அழுத்திக்கொண்டு ‘கா சொல்லு’ என்பேன். அவள் என் வாயையே உற்றுப் பார்ப்பாள். எப்போது பேசினாலும் அப்படித்தான் பார்ப்பாள். ஒலியியல்காரி பெண்ணாயிற்றே, என்ன கவனம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. ஆனால் வருவது தா. மறுபடியும் ஸ்பூன். மறுபடியும் தா.

“எதுக்கு கொழந்தைய பேஜாரு பண்ணிக்கினு இருக்க? தானா வரும், விடு” என்பார் கணவர். நான் விட்டால்தானே? ஒரு மாதத்தில் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பசித்தால் தட்டைக் காட்டினாள். ஸ்பூனைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். உண்மையில் அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தாலும் என் கை ஸ்பூனை விடவில்லை.

பேருந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டது. மணி பத்தரை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், எழுந்து எட்டிப் பார்த்தேன், உட்கார்ந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. வெட்டியாகப் போகும் நேரமாயிற்றே என்று கண்ணாடியை எடுத்தேன். “சொல்லு, கா!” அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் குரல் உயர்ந்தது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு மறுபக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். முகையூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவராம். மடியில் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அதில் ஒரு கை அள்ளி, “பாப்பா, இந்தா” என்றார். மகள் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார், பிறகு கையைத் தட்டினார். அவள் வெளியே லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோளைத் தொட்டதும்தான் திரும்பினாள். மல்லாட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கை நீட்டினாள்.

அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவுக்குக் காது நல்லா கேக்குதுங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நல்லா கேக்கும். வேணும்னே அடம் பண்றா” என்றேன்.

“வீட்ல டிவி சவுண்ட ஏத்தி வெக்குமா? நாம பேசசொல்லோ வாயவே பாத்துக்கினு இருக்குமா? எம் பொண்ணுக்கு இப்டித்தாங்க இருந்துச்சு. நானும் திமிருன்னு நெனச்சி நாலு அடி வெச்சேன். பாத்தா, காதுக்குள்ள நீரு கோத்துக்கினு இருந்திருக்கு.”

டிவி சத்தத்துக்காக அவளைத் திட்டாத நாளே கிடையாது. வாயைப் பார்ப்பது... ப, ம எல்லாம் அவளுக்குச் சுத்தமாக வரும். உதட்டில் தெரியும் ஒலிகள் அவை. த சொல்லும்போது நாக்கு நுனி பல்லிடுக்கில் தெரியும். க மட்டும் வாய்க்குள் பின்னால் பிறப்பது, வெளியே தெரியாது. பாவி நான், என் குழந்தை கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! கரும்பலகையில் பாதி முகம் வரையும்போது நான் ஒரு நாளும் காது வரைந்ததில்லை.

பேருந்து நகர்ந்தது. மீதி வழியில், ஜன்னலைப் பார்த்திருந்த அவளை முதுகுப்புறமிருந்து எத்தனை முறை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேனோ, தெரியாது. ஒரு முறையும் திரும்பவில்லை. விழுப்புரத்தில் இறங்கியதும் அந்தப் பெண், “மொதல்ல காது டாக்டரப் பாருங்க. ஜல்தியா போங்க” என்று அவசரப்படுத்தினார். மீதி மல்லாட்டையை மகள் கையில் திணித்துவிட்டு, தன் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். பெயர்கூடக் கேட்காமல் நின்றேன்.

பயிற்சிக்குப் போகவில்லை. நேராகக் காது மருத்துவரிடம் போனோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் சளி நீர் தேங்கியிருந்தது. “தண்ணிக்குள்ள முங்கிக்கினு இருந்தா வெளியில பேசறது எப்டி கேக்கும்? அப்டித்தாம்மா கேட்டுக்கினு இருந்திருக்கா” என்றார். அங்கேயே அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, வழக்கம்போல என் வாயைப் பார்த்தாள்.

மூன்று மாதம் பார்த்தும் நீர் வற்றாததால், சின்ன அறுவை சிகிச்சை செய்தார்கள். பேச்சுப் பயிற்சியும் அதன் பிறகுதான் தொடங்கியது. ஸ்பூனை நான் தொடவேயில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு காலை, சமையலறையில் நின்றுகொண்டு பழைய பழக்கத்தில் உரக்க அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். முதுகைக் காட்டிப் பொம்மை வைத்துக்கொண்டிருந்தவள், சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“கத்தாதம்மா!”

தொண்டையோரத்திலிருந்து தெளிவாக வந்தது, அவளுடைய முதல் க. கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். இன்றும் வகுப்பில் பாதி முகம் வரைகிறேன்; ஆனால் வாய்க்கு முன்னால் காதை வரைந்துவிடுகிறேன், அதை வரையும் ஒவ்வொரு முறையும் அவள் எனக்குச் சொன்ன அந்த வார்த்தை காதில் ஒலிக்க, என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.