அக்கா கல்யாணத்தில் சாப்பிட வந்தவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள், இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராசிபுரத்துப் பக்கம் எங்கள் வீட்டில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கூறைப்புடவையோடு ஒருவரையும் கொண்டுவந்தார்கள். பந்தயம் கட்டிச் சாப்பிடுகிறவராம். பெண் வீட்டுச் சோற்றை அவர் காலி செய்தால் அவர்களுக்குப் பெருமை. எப்பேர்ப்பட்ட பெருமை பாருங்கள்!

பீமனை எதிர்பார்த்தோம். வந்தவர் முருங்கைக்காய் போல இருந்தார். சோறு விழும்போதெல்லாம் இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தப் பக்தியில் அண்டாவே காலியாகிக்கொண்டிருந்தது. அவர் எழாமல் பந்தி எழக்கூடாதென்று மாப்பிள்ளை வீட்டாரும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

களி தின்கிற வீட்டில் நெல்லுச்சோறு ஆக்கியதே பெரிய காரியம். தீர்ந்துபோனால் அக்காவை ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார்கள். கடைசிச் சோற்றை வழித்து அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

"இன்னும் கொண்டாரச் சொல்லுங்க, பாப்போம்!" என்றார் சம்பந்தி.

சாப்பிடுகிறவர் என்னிடம் மெதுவாக, "உள்ளே இருக்குதுங்களா, சாமி?" என்றார்.

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

அவர் இலையை மடித்தார். "போதுமுங்க! இந்த ஊட்டுச் சோத்தை என்னால செயிக்க முடியாதுங்க" என்று பந்திக்கே கேட்கச் சொன்னார்.

"உன்னை வண்டியேத்திக் கூட்டியாந்தது தெண்டம்!" என்று கத்தினார் சம்பந்தி. திரும்பும்போது அவரை நடக்க விட்டுவிட்டார்கள்.

வயிறு நிறைந்ததா, மனசு இரங்கியதா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களோ, உள்ளே இன்னொரு அண்டா இருந்ததென்று சாகும்வரை சொன்னார்கள்.

அவர் மோகனூர்க்காரரா, பள்ளிபாளையத்துக்காரரா? தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் மட்டும் கேட்க வேண்டாம். அப்படி ஒருவரைக் கூட்டிவரவே இல்லை என்கிறார்கள்.