பின்சக்கரத்துக்கும் வழி

பிள்ளைகளே, உங்கள் பெரியக்காவிடம் நான் செய்த தப்பை நானே சொல்லிவிடுகிறேன்.

சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்த அவளைப் பெரிய விமானத்துக்குப் பயிற்சி எடுக்க அனுப்பியிருந்தார்கள். பறக்காமல் திரையில் ஓடுபாதையைக் காட்டும் பயிற்சிக் கூண்டில் (சிமுலேட்டரில்), ஓடுபாதையை விட்டுத் திரும்பும்போது இரண்டு முறை சக்கரத்தைப் புல்லில் இறக்கிவிட்டாள். இன்னும் ஒரு வாய்ப்புதான் பாக்கி. லீவில் வந்தவளிடம், "உன்னால முடியாதும்மா, சின்னதே போதும்" என்றேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் மலைமேல் இருக்கும் நம்ம ஜமுனாமரத்தூரிலிருந்து நான் ஓட்டும் பஸ்ஸில்தான் கிளம்பினாள். கொண்டை ஊசி வளைவில் கேட்டாள். "இன்னாப்பா, பள்ளத்துல வுட்டுடுவ போல. ஏன் இவ்ளோ தள்ளிப் போய்த் திருப்புற?"

"சீக்கிரமா ஸ்டியரிங்க ஒடிச்சா பின்சக்கரம் வளைவுக்கு உள்பக்கமா ஏறிடும். அதுக்கும் வழி வுடணுமில்ல."

கண்டக்டர் சிரித்தார். "பிளேன் ஓட்டுற பொண்ணுக்கே பாடமாண்ணே?"

அவள் சிரிக்கவில்லை. பஸ் மலையை விட்டு இறங்கும்வரை பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். "டிரெய்னிங் குடுக்குற சார் இதைத்தாம்பா சொன்னாரு. பெரிய பிளேன்லயும் சக்கரம் நமக்கு ரொம்பப் பின்னாடி இருக்கு. நான் சின்ன பிளேன் மாதிரியே ஒடிச்சிக்கினு இருந்திருக்கேன்" என்றாள்.

அடுத்த வாரம் போன் வந்தது. "பாஸ் பண்ணிட்டேம்பா. புல்லு பக்கமே போகல."

அந்தக் கடைசி வாய்ப்பை அவள் முயன்று பார்ப்பதற்குள் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். உங்கள் இருவருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

போன் வந்த அன்று கடைசிப் பயணியும் இறங்கிய பிறகு, காலி பஸ்ஸில் எழுந்து நின்று, இருக்கைகளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "என் பொண்ணு பெரிய பிளேன் ஓட்டப் போறா."