பருத்திமாரோடு பண்டிகைக்குப் போனோம்

கரிசல் காட்டில் பருத்தி போட்டுப் பிழைத்தவன் நான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் டீக்கடை பெஞ்சிலும் கோவில்பட்டி பருத்திக் கடை வாசலிலும் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் படித்ததுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாயில் ஈரம் அதிகம். மழைதான் குறைவு.

எழுபதுகளின் நடுவில் நானும் என் மனைவியும் ஞானஸ்நானம் எடுத்தோம். அவள் போன காரணம் வேறு, நான் போன காரணம் வேறு. எங்களுக்கு முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. சொந்தக்காரர்கள் வந்து அழுதார்கள், போனார்கள். ஊரில் கிறிஸ்தவ சபையை நடத்திவந்த உபதேசியாரின் மனைவி மட்டும் கஞ்சிச் சட்டியோடு தினமும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா கூப்பிட்டுத்தான் இவள் வேதக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். நான் தடுக்கவுமில்லை, கூடப் போகவுமில்லை. அப்புறம் ஒரு வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. பருத்தி காய்த்துத் தள்ளியது. அட, இந்தச் சாமி கைராசிக்காரச் சாமி போலிருக்கே என்று நானும் போய்ச் சேர்ந்தேன். ஊரில் கைராசியான டாக்டரைத் தேடிப் போவதில்லையா, அந்த மாதிரிதான்.

எங்கள் சபையில் மாசி மாதம் ஸ்தோத்திரப் பண்டிகை. அவரவர் காட்டில் விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் கோயிலில் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். அப்புறம் எல்லாருக்கும் அசனம், அதாவது சாதி பணம் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. சேர்ந்த வருஷம் வண்டியில் ஒரு பொதி பருத்தியை ஏற்றிக்கொண்டு போனேன். எழுந்து நின்று சாட்சியும் சொன்னேன். ஆண்டவர் எனக்கு அதைச் செய்தார், இதைச் செய்தார் என்று நான் உட்காரவே இல்லை. உபதேசியார்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

அடுத்த வருஷம் வானம் கையை விரித்துவிட்டது. ஐப்பசியில் ஒரு தூறல், கார்த்திகையில் அதுவும் இல்லை. செடி முழங்கால் உயரத்துக்கு வந்து அப்படியே காய்ந்து நின்றது. என் தாய்மாமன் வரப்பில் நின்று கேட்டார்:

"என்னவே மாப்ள, நீரு நம்ம சாமிய விட்டீரு, மழை உம்ம விட்டுட்டு. புதுச் சாமிகிட்ட வெதப்பருத்திக்காவது சொல்லி வச்சிருக்கீரா?"

"மாமா, ஒம்ம காட்டுலயும் காய்ஞ்சுதான கெடக்கு?"

"எனக்குப் பழகிப்போச்சுவே. நீருதான கைராசி, கைராசின்னு குதிச்சீரு!"

அந்தப் பேச்சு எனக்குள்ளே முள் மாதிரி நின்றது. பண்டிகை வந்தது. நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, கெளம்பலியா?" என்றாள் மனைவி.

"கைய வீசிக்கிட்டுப் போயி நிக்கச் சொல்லுதியா? போன வருசம் அந்தப் பேச்சுப் பேசினவன் நான். நான் வரலட்டி. இன்னைக்கு மட்டுமில்ல, இனிமேலும் வரல. எல்லாம் பார்த்தாச்சு."

கோபத்தில் சொன்னது அல்ல. உண்மையிலேயே முடிவு செய்துவிட்டேன். கோயிலோடு என் கணக்கு அன்றோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அவள் நேரே காட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது தலையில் ஒரு பெரிய கட்டு. காய்ந்த பருத்திச் செடியைப் பிடுங்கிக் கட்டியிருந்தாள். எங்கள் ஊரில் அதைப் பருத்திமார் என்போம். அடுப்பெரிக்க ஆகும், வேறு எதற்கும் ஆகாது.

"இது என்னட்டி?"

"காட்டுல வெளைஞ்சதக் கொண்டு வரச் சொல்லியிருக்காவ. நம்ம காட்டுல இதான வெளைஞ்சிருக்கு."

"சிரிப்பாவட்டி!"

"சிரிக்கட்டும். பண்டிகைதான?"

சொல்லிவிட்டு நடந்தாள். பொம்பளை தலைச்சுமையோடு தனியாகப் போக, ஆம்பளை கட்டிலில் கிடந்தால் ஊர் என்ன பேசும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட வராதவன் மாதிரி கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன்.

பசுவந்தனை ரோட்டில் டீக்கடைக்காரர் அவளை நிறுத்திவிட்டார். "தாயி, மாரு நல்லாக் காய்ஞ்சிருக்கே. இங்கன எறக்கு, வெலையச் சொல்லு."

"விக்கிறதுக்கில்ல அண்ணாச்சி. கோயிலுக்கு."

"கோயிலுக்கா? ஒங்க சாமிக்கு வெந்நி போடப் போறியளா?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் காது மடல் சுட்டது.

கோயிலில் அந்த வருஷம் எல்லாமே சுருங்கிப் போயிருந்தது. ரெண்டு சுரைக்காய், கொஞ்சம் முருங்கைக்காய், காலைக் கட்டின ஒரு சேவல். சிலபேர் வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு, கோவில்பட்டி சந்தையில் தேங்காய் வாங்கி வந்திருந்தார்கள். கரிசலில் ஏது தென்னை? இவள் நேரே போய் அந்தத் தேங்காய்களுக்குப் பக்கத்தில் கட்டை இறக்கினாள். யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு பாயில் இருந்த எல்லாருக்கும் பரவியது. உபதேசியார் சிரிக்கவில்லை. மற்றதற்கெல்லாம் செய்த மாதிரியே அந்தக் கட்டின் மேலும் கையை வைத்து, "ஆண்டவரே, இந்த வருசம் எங்க காடு தந்தது இது" என்று ஜெபித்தார். சிரிப்பு நின்றுபோனது. முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கொண்டு வந்திருந்ததும் சந்தைத் தேங்காய்தான்.

பள்ளிக்கூட வாத்தியார்தான் ஏலம் விட்டார். பருத்திமாருக்கு முறை வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் அசனத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்:

"ஏ வாத்தியாரே, ஏலம் அப்புறம் விடலாம்! அந்த மாரை இங்கன தூக்கிட்டு வாங்க. பச்சை உடைமர வெறக வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டாவ, ஒரே பொகை. ஒல இன்னும் கொதிக்கல. சோறு வேணுமா, ஏலம் வேணுமா?"

"சோறு!" என்று சபை முழுக்க ஒரே குரலில் சொன்னது. ஆமென்கூட அவ்வளவு சேர்ந்தாற்போல அங்கே நான் கேட்டதில்லை.

கட்டை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மார் பற்றினால் படபடவென்று எரியும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நானும் அவளும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தள்ளினோம். பச்சை மரமும் மெல்லப் பிடித்தது. புகையில் அவளுக்குக் கண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கவும் செய்கிறாள்.

"ஏட்டி, ஒனக்கு அப்படி என்ன கெடச்சுதுன்னு இந்தச் சிரிப்பு?" என்றேன். கிண்டலாகத் தொடங்கின கேள்வி, முடியும்போது கிண்டலாக இல்லை.

அவள் ஒரு மாரை ஒடித்து அடுப்பில் வைத்தாள். "கெடைக்கும்னு நான் வரலியே. பிள்ளையப் பறிகொடுத்துட்டுல்ல வந்தேன். அந்தம்மா வந்து பக்கத்துல உக்காந்தாவ. பிள்ளையத் திருப்பித் தர முடியுமா அவியளால? ஆனா அவிய உக்காந்திருக்கப்ப ஆண்டவரே கூட இருக்க மாதிரி இருந்துச்சு. அது அப்படியேதான் இருக்குங்க. பருத்தி கொட்டுன வருசமும் அதேதான், இந்த வருசமும் அதேதான்."

சொல்லிவிட்டு, "தள்ளுங்க, அவியுது" என்றாள்.

நான் தள்ளினேன். எனக்கு மகசூல்தான் சந்தோஷமாக இருந்தது. அது போனதும் நானும் போகக் கிளம்பிவிட்டேன். இவளுடைய சந்தோஷம் துக்க வீட்டில் பிறந்தது. அதை எந்தப் பஞ்சம் வந்து எடுத்துக்கொண்டு போகும்?

பந்தியில் சோறும் குழம்பும் லேசாகப் புகை வாசம் அடித்தது. நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு மழை பெய்த வருஷங்களும் உண்டு, பொய்த்த வருஷங்கள் அதைவிட அதிகம். ஒரு காளையை விற்றோம், காட்டில் பாதியை விற்றோம். துக்கம் வராமல் இல்லை. வந்தது, அழுதோம். ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு இனி வரமாட்டேன் என்று சொல்கிற ஆள் அந்த அடுப்படியோடு போய்விட்டான்.

அந்தப் பண்டிகை நாளன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். எப்போதும் அவள்தான் ஜெபிப்பாள். அன்று நான் ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு வார்த்தையே வரவில்லை என்று. ஊர் வாயெல்லாம் கேட்டு வளர்ந்தவனுக்கு!

"ஆண்டவரே, இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டோம்" என்றேன். அதோடு நின்றுவிட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டே, "அது போதும்" என்றாள்.