மதுரையே போதும் என்றான் சங்கிலி

சங்கிலிக்கு மறதி என்பதே கிடையாது. கல்லூரி ரசாயனக் கூடத்தில் முந்நூற்றுச் சொச்சம் புட்டிகள். எது எந்த அலமாரியில் இருக்கிறது, எதன் மூடி இறுகிக் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதே மனதில்தான் கிராம முன்சீப் முத்துக்கருப்பனையும் வைத்திருந்தான். ஊரார் முன்சீப்பை ‘அவர்’ என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். இந்தக் கதையில் அவன்தான்.

செக்கானூரணிக்கு மேற்கே ஓர் ஊர். சங்கிலியின் அப்பன் பேயாண்டி, முத்துக்கருப்பன் வீட்டுப் பண்ணையாள். சங்கிலி பசுமலையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, 1923ஆம் வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். விஞ்ஞானத்தில் வகுப்புக்கே முதல். மதுரையில் ஒரு கல்லூரி, கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்து அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. ஏழைக் குடும்பம் என்று முன்சீப் எழுதித் தந்தால் போதும்.

“ஏண்டா, நீ காலேஜுக்குப் போயிட்டா என் கொட்டத்துல சாணி அள்ள எவன் வருவான்?” என்று முத்துக்கருப்பன் சிரித்தான். ஆனால் மறுக்கவில்லை. எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அரக்கு முத்திரையும் வைத்துக் கொடுத்தான். சங்கிலி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதுரை வரைக்கும் நடந்தான். கல்லூரிக் குமாஸ்தா உறையைக் கிழித்துப் படித்தார். பேயாண்டிக்கு இரண்டு ஏக்கர் நன்செய் உண்டு, வசதியுள்ள குடும்பம், சலுகை எதுவும் தேவையில்லை என்று எழுதியிருந்தது. தன் வாழ்நாளில் பேயாண்டி நிலம் வைத்திருந்தது அந்த ஒரு காகிதத்தில்தான்.

சங்கிலி ஊருக்குத் திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவான்? அதே கல்லூரி ரசாயனக் கூடத்தில் கிளாசு கழுவ ஆள் கேட்டார்கள். மாதம் ஒன்பது ரூபாய்க்கு நின்றுவிட்டான். பேராசிரியர் பாடம் நடத்தும்போது பின்னால் நின்று கேட்டான். மாணவர்கள் விட்டுப்போன புத்தகங்களைப் படித்தான். பத்து வருஷத்தில், சின்ன வாத்தியார்களே சந்தேகம் வந்தால் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும்படி ஆயிற்று. உடுப்பு மட்டும் காக்கியாகவே இருந்தது.

1937இல் ஒரு நாள், கூடத்தின் பின்வாசலில் முத்துக்கருப்பன் வந்து நின்றான். இன்டர்மீடியட் தேறிய மகன் அழகுமலை கூடவே இருந்தான். சங்கிலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கும்பிடுதான் போட்டான்.

“டேய் சங்கிலி, கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி.க்கு எந்த ஊரு சல்லிசுடா? மதராசா, திருச்சியா, இங்கயா? படிப்பு எப்படின்னு வாத்தியாருகிட்டக் கேட்டுக்கிடுறேன். அது ஒனக்கு வெளங்காது. வெலைய மட்டும் நீ சொல்லு.”

மாட்டுத்தாவணியில் பல் பிடித்துப் பார்க்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான். வருஷக் கட்டணம் எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, கிளாசு உடைசலுக்கென்று முன்பணம் கட்டச் சொல்கிறார்களாமே அது திரும்பி வருமா? சங்கிலி எல்லாவற்றையும் சொன்னான். மதராஸ் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகும். திருச்சியில் எழுநூறு. மதுரையில் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கித் தின்றால் நானூறு ரூபாயில் முடியும்.

சொல்லாமல் விட்டதும் உண்டு. மதராஸில் ஆளுக்கொரு தராசு. இங்கே நாலு பேருக்கு ஒன்று. அங்கே படித்தவனைக் கம்பெனிக்காரன் தேடி வந்து கூட்டிப் போவான். கூட ஆகிற அறுநூறு ரூபாயை ஒரே வருஷச் சம்பளத்தில் எடுத்துவிடலாம். நல்லெண்ணம் உள்ளவன் மதராஸுக்குத்தான் கைகாட்டுவான். சங்கிலிக்கு அந்த வீட்டின் மேல் நல்லெண்ணம் இல்லை. பையன் தன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“மதுரையே போதுங்கய்யா. எங்க படிச்சாலும் பட்டம் குடுக்கிறது ஒரே யுனிவர்சிடிதான். காகிதத்துல காலேஜு பேரா போட்டிருக்கு?”

அது பொய் இல்லை. முத்துக்கருப்பனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

அழகுமலை இரண்டு வருஷம் அங்கே படித்தான். நல்ல பையன். கை சுத்தம், வேலையில் நிதானம். யாரும் இல்லாத நேரத்தில் சங்கிலியை ‘அண்ணே’ என்பான். அந்த வீட்டில் பிறந்தவன் நல்லவனாக இருந்தது சங்கிலிக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது. ஒரு திருட்டுப் பயலாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

செய்முறைப் பரீட்சையில் ஆளுக்கொரு உப்பைப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பொட்டலம் கட்டுகிற ஆளுக்கு எட்டணா தள்ளினால் உப்பின் பெயரை முணுமுணுத்துவிட்டுப் போவான். எல்லா ஊரிலும் நடக்கிற சங்கதி. இங்கே கட்டுகிறவன் சங்கிலி. அந்தக் காசை அவன் தொட்டதில்லை. தானே சோதித்து விடையை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறவனுக்கு மட்டும், சரி அல்லது தப்பு என்று லேசாகத் தலையசைப்பான். இத்தனை வருஷத்தில் அந்தத் தலை ஒரு முறைகூடப் பொய் சொன்னதில்லை. மாணவர்கள் அதைப் பேராசிரியரின் சொல்லுக்கு மேலாக நம்பினார்கள்.

1939 மார்ச்சில் அழகுமலையின் பரீட்சை வந்தது. தேறினால் ஒரு சர்க்கரை ஆலையில் எழுபத்தைந்து ரூபாய் வேலை காத்திருந்தது. முத்துக்கருப்பன் அதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பையனுக்கு விழுந்த உப்பு ஸ்ட்ரான்ஷியம். தீயில் காட்டினால் ரத்தச் சிவப்பாக எரியும். கால்சியமும் சிவப்புத்தான், செங்கல் நிறம். அவசரக்காரர்கள் தடுமாறுகிற இடம் அது. அழகுமலை தடுமாறவில்லை. ஸ்ட்ரான்ஷியம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

சங்கிலி ‘இல்லை’ என்று தலையாட்டினான்.

பையன் உப்பை மறுபடியும் தீயில் காட்டினான். அதே ரத்தச் சிவப்பு. மறுபடியும் நிமிர்ந்து பார்த்தான். சங்கிலி மறுபடியும் தலையாட்டினான். அழகுமலை எழுதியதை அடித்துவிட்டுக் கால்சியம் என்று எழுதினான். மணி அடித்தது.

உப்புத் தப்பியதால் பையன் செய்முறையில் தேறவில்லை. ஆலை வேலைக்கு வேறொருவன் போனான். இன்னொரு தடவை பணம் கட்ட முத்துக்கருப்பன் தயாராக இல்லை. மகனை வயலுக்கு இழுத்துக்கொண்டான். செய்தி கேட்ட அன்று சங்கிலி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். ருசித்தே சாப்பிட்டான்.

ஒரு மாதம் கழித்து, உடைசல் முன்பணத்தில் மிச்சத்தை வாங்க அழகுமலை வந்தான். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

“அண்ணே, அது ஸ்ட்ரான்ஷியம்தானே?”

“ஆமா.”

“தெரிஞ்சுதான் ஆட்டுனீகளா?”

“தெரிஞ்சுதான் ஆட்டுனேன். ஒங்கப்பன் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்குன்னு எழுதிக் குடுத்து என் படிப்பைக் கெடுத்தான். அதுக்குத்தான் இது. போ, போய்ச் சொல்லு. பேயாண்டி மகன் சங்கிலி தலையாட்டித்தான் படிப்புப் போச்சுன்னு சொல்லு. அந்தாளு இங்க வரட்டும்.” பதினாறு வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அது.

“சொல்லிட்டேண்ணே. பரீட்சை முடிவு வந்த அன்னைக்கே, நீங்க தலையாட்டுனதைச் சொல்லிட்டேன். சிரிக்கிறாரு. ‘கிளாசு கழுவுற பய, அவனுக்கு எது என்ன உப்புன்னு எப்படிடா தெரியும்? ஒன் முட்டாத்தனத்துக்கு அவன் மேல பழியப் போடாத’ன்னு என்னைத்தான் ஏசுனாரு.”

சங்கிலி மேசையை ஓங்கி அறைந்தான். “நானே வாரேன். ஊர்க் கூட்டத்துல வச்சுச் சொல்றேன்.”

“வந்து சொன்னாலும் நம்ப மாட்டாருண்ணே. ஒங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரியும்னு நம்புனது எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான். அதனாலதான் சரியா எழுதுனதை அடிச்சேன்.”

அழகுமலை கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு ரூபாய் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.