அம்மா நடந்த வேகம்

சென்னையிலிருந்து வந்த ஹார்டு டிஸ்க்கை லேப்டாப்பில் செருகித் திறந்தபோது அதில் ஒரு வீடியோகூட இல்லை. போட்டோக்கள்தான் இருந்தன. பதினாறாயிரத்துச் சொச்சம் போட்டோக்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நான் ஓடற படம் குடுத்தேன். அவன் நிக்கற படமா அனுப்பி வெச்சிருக்கறான். இன்னா பாப்பா, ஏமாத்திட்டானுங்களா?" என்றார். பிலிமை அனுப்பியிருந்த சென்னைக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். பிலிமில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் படமாக ஸ்கேன் செய்து தருவதோடு எங்கள் வேலை முடிந்தது, வரிசையாகச் சேர்த்து ஓடவிட்டால் வீடியோ ஆகிவிடும், வீட்டிலேயே செய்துகொள்ளலாம், சுலபம்தான் என்றார்கள். அந்தச் சுலபமான வேலை என் நான்கு மாதத்துச் சனி ஞாயிறுகளைத் தின்றது. அதில் பாதியைத் தின்றது கம்ப்யூட்டர். மீதியைத் தின்றவர் சித்தப்பா. அவர் இறந்து எட்டு மாதமாகிறது. இறந்துவிட்டார் என்பதற்காக நான் இதை மாற்றிச் சொல்லப்போவதில்லை.

சித்தப்பா என் நைனாவுக்குக் கடைசித் தம்பி. இருபத்திரண்டு வயதில் பாண்டிச்சேரியில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டினார். அந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகும்போது, சாவி கொடுத்து ஓட்டும் ஒரு சின்ன சினிமா கேமராவையும் நான்கு ரோல் பிலிமையும் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் எடுத்தார். யார் மூலமாகவோ பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்கினார். பாண்டிச்சேரியில் தெரிந்தவர் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். எங்கள் ஊர் வல்லத்தில் அதை ஓட்டும் மெஷினுக்கு எங்கே போவது? ரோல்கள் டிரங்குப் பெட்டிக்குள் போய் ஐம்பது வருடம் கிடந்தன. எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே போட்டோ, கல்யாணத்தில் எடுத்தது. அதிலும் தலையைக் குனிந்துகொண்டிருப்பதால் வகிடுதான் தெரியும். நான் அம்மாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சித்தப்பா, "அண்ணி அந்தப் படத்துல இருக்கறாங்க பாப்பா, ஒரு நாளைக்கிப் பாக்கலாம்" என்பார். அந்த ஒரு நாள் வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

முதல் சிக்கல் வரிசை. எண் போட்ட படங்கள்தானே, கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அது ஒன்றுக்குப் பிறகு பத்தை எடுத்தது, அதன் பிறகு நூறை, பிறகு ஆயிரத்தை. இரண்டு எங்கோ கடைசியில் கிடந்தது. ஓடவிட்டால் கார் முன்னால் போகிறது, காணாமல் போகிறது, பின்னால் வருகிறது. எல்லா எண்களையும் ஐந்து இலக்கமாக மாற்றினால்தான் வரிசை நிற்கும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. தாலுகா ஆபீசில் நாள் முழுக்கக் கோப்புகளுக்கு எண் போடுகிறவள், வீட்டுக்கு வந்தும் அதையே செய்தேன். சித்தப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் வல்லத்திலிருந்து முதல் பஸ் பிடித்துச் செஞ்சிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவார். காபி குடித்துவிட்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திரையை விரலால் தொட்டுத் தொட்டு, "இத தள்ளு, அத இழு" என்பார். அவர் போனபின் திரையைத் துடைப்பது எனக்குத் தனி வேலை.

ஒருவழியாகப் படம் ஓடியபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? முதல் ரோல் முழுவதும் அந்தப் பாண்டிச்சேரிக் கார். முன்பக்கம், பின்பக்கம், நான்கு டயர்கள், கழுவும்போது, கழுவியபின். இரண்டாவது ரோல் செஞ்சிக் கோட்டை. ராஜகிரியை அடியிலிருந்து உச்சிவரை, உச்சியிலிருந்து அடிவரை, மலை எங்காவது ஓடிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி எடுத்திருக்கிறார். அந்த மலை இன்றைக்கும் என் மொட்டைமாடியிலிருந்து தெரிகிறது. எங்கும் போகவில்லை. மூன்றாவது ரோலைத் தெரியாமல் இரண்டு முறை மாட்டி, ஒன்றின்மேல் இன்னொன்றை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. அவலூர்பேட்டைச் சந்தை ஆடுகள் ஏதோ ஒரு ஊர்த் தேரின்மேல் மேய்கின்றன. நான்காவதில் வல்லத்து வீடு, உழவு மாடு, மறுபடியும் மாடு, கடைசியில் அம்மா. களத்துக்குக் கூடையோடு வருகிறாள், கடலையைக் கொட்டுகிறாள், நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறாள், கையை ஆட்டி ஏதோ சொல்கிறாள். முடிந்தது. எண்ணிப் பார்த்தேன். இருநூற்றெட்டுக் கட்டங்கள். எட்டே விநாடி.

அந்த எட்டு விநாடியிலும் அம்மா சாவி கொடுத்த பொம்மை போல விசுக் விசுக்கென்று நடந்தாள். கம்ப்யூட்டர் தானாகவே விநாடிக்கு இருபத்தைந்து கட்டம் என்று வைத்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரிக் கேமராக்களுக்குப் பதினாறுதான் வழக்கமான வேகம் என்று தேடிப் படித்துத் தெரிந்துகொண்டு சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சினிமான்னா இருவத்தி நாலு. கொட்டாய்ல ஆப்பரேட்டரா இருந்தவன் சொன்னது. நீ நேத்து கம்ப்யூட்டர்ல பாத்துட்டு எனக்கு சொல்றியா?" என்றார். நான் பதினாறுக்குச் சண்டை போட்டதற்கு உண்மை மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு என்றால் எட்டு விநாடி பதின்மூன்று ஆகும். ஐந்து விநாடிக்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்கத் தயாராக இருந்தேன்.

சாட்சிக்கு வழி ஒன்று தோன்றியது. கூடையின் விளிம்பிலிருந்து முதல் கடலை தரையைத் தொடும்வரை படத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. கடைத்தெருவில் கடலை வாங்கிவந்து, இடுப்பில் கூடையை வைத்துக் கொட்டி, போனில் படம் பிடித்துக் கணக்குப் பார்த்தேன். விழுவதற்கு அரை விநாடிக்கும் சற்றுக் குறைவாக ஆனது. அப்படியென்றால் விநாடிக்குப் பதினாறுதான். வெற்றியோடு காட்டினேன். சித்தப்பா ஒரு கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டு மென்றார். "இது இன்னா கடல? அந்தக் காலத்துல நாட்டுக் கடல பாப்பா. கனம் ஜாஸ்தி. வெரசா வுழும்" என்றார். கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "கனம்னா வெரசா வுழும்" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. படம் காரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், பின்னால் பாட்டு வேண்டும், தொடக்கத்தில் தன் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்கு அடக்க முடியவில்லை. "டயரக்கூட நாலு தடவ எடுத்திருக்கீங்க சித்தப்பா. எங்கம்மாவ எட்டு செகண்டு. இன்னும் ஒரு நிமிஷம் நின்னு எடுத்திருந்தா உங்க கை ஒடிஞ்சா போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த இரண்டும் வரவில்லை. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். யாரும் தொந்தரவு செய்யாமல் பதினாறில் வைத்து முடித்தேன். முடித்ததும் நைனாவைப் பார்க்கக் கூப்பிட்டேன். என்னோடுதான் இருக்கிறார். எண்பத்துமூன்று வயது. அத்தனை மாதமும் அந்த அறைப் பக்கமே அவர் வந்ததில்லை. அன்றைக்கும் வாசற்படியில் நின்றபடி, "அவன் வரட்டும்" என்றார்.

நான்தான் போன் செய்து கூப்பிட வேண்டியிருந்தது. சித்தப்பா ஒரு துணிப்பையோடு வந்தார். பையை என்னிடம் நீட்டி, "நாட்டுக் கடல. தேடி வாங்கியாந்தேன். கொட்டிப் பாரு" என்றார். வாங்கி அடுப்படியில் வைத்தேன். நைனாவை நடுவில் உட்காரவைத்து, சித்தப்பாவின் மனக்குறை தீரட்டும் என்று முதலில் இருபத்து நாலில் ஓடவிட்டேன். நைனா முகத்தைச் சுளித்தார். "இன்னாத்துக்கு இப்டி ஓடறா? நாயா தொரத்துது?" என்றார். பிறகு பதினாறில் போட்டேன். அம்மா கூடையோடு வந்தாள். படம் முடிந்ததும் நைனா இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறைக்குப் பிறகு, "அந்த வருஷம் அவளுக்குக் குதிகால்ல முள்ளு. ஊன மாட்டா. பாதத்த சாச்சு வெப்பா" என்றார். ஐம்பது வருடத்தில் அம்மாவைப் பற்றி நைனா என்னிடம் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான். சாய்த்து வைத்த அந்தப் பாதம் வேகத்தில் ஓடும்போது கண்ணில் படவே இல்லை.

சித்தப்பா திரைக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு சரி என்று அவர் வாயால் சொல்லவில்லை. கையை ஆட்டி அம்மா பேசும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். படத்துக்குத்தான் சத்தம் கிடையாதே. எடுக்காதே என்று கோபமாகச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சித்தப்பா உதடுகளைப் பார்த்துத் தானும் உதடசைத்தார். "மழ வருது. பொட்டிய வெச்சிட்டு வந்து வாரு தம்பி... அதான் சொல்றாங்க. அன்னிக்கு மழ வந்துது, ஆமா. நான் போயி வாரினேன். நிறுத்தலியே, அப்டியே கீழ வெச்சேன். அந்தக் கேமராவுல பட்டன் மாட்டிக்கும். சாவி தீர்ற வரைக்கும் ஓடும். அதுக்கப்புறம் இன்னும் இருக்குமே பாப்பா?"

இருந்தது. மழைமேகத்தில் பாதி இருண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, மங்கலாக நானூற்றுப் பதினாறு கட்டங்கள். கேமரா தவறிக் கீழே விழுந்துவிட்டது, பிலிம் வீணாகியிருக்கிறது என்று நினைத்து, சின்னச் சின்னப் படங்களாகப் பார்த்த முதல் வாரத்திலேயே அவற்றைக் குப்பை என்று பெயரிட்ட ஃபோல்டரில் தள்ளியிருந்தேன். அதை எடுத்து, வரிசைப்படுத்தி, பதினாறில் ஓடவிட்டேன்.

தரை சுவர்போலச் செங்குத்தாக நிற்கிறது. அதில் கடலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓரத்தில் ஒரு சாக்கு மூட்டை. கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் கடலையை அள்ளி அள்ளிக் கூடையில் போடுகின்றன. சித்தப்பாவின் குச்சிக் கால்கள் ஓடுகின்றன, வருகின்றன. அம்மாவின் முகம் ஒருமுறை குனிந்து உள்ளே வருகிறது. வெளியே யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். பல் தெரிய, வாய் விட்டு. அப்போது ஜட்டி மட்டும் போட்ட ஒரு குழந்தை கடலைக்கு நடுவில் வந்து நிற்கிறது. அம்மா அதை ஒரு கையால் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு மறுகையால் அள்ளுகிறாள். அந்தக் குழந்தை நான். இருபத்தாறு விநாடி. பிறகு சாவி தீர்ந்துவிடுகிறது.

நைனா கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேராத் திருப்பிப் போடறேன் நைனா, ரெண்டு நிமிஷம்" என்றேன். "இரு. அத நிறுத்தாத" என்றார். சித்தப்பாவும் அதே பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். நான் எழுந்துபோய் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது சித்தப்பா பழையபடி ஆகிவிட்டிருந்தார். "நான் கஷ்டப்பட்டு எடுத்தத குப்பைல போட்டுட்டு, எங்கம்மாவ எடுக்கலன்னு என்ன கேக்கற" என்றார். அன்றோடு அதை விட்டிருந்தால் அவர் சித்தப்பா இல்லை. இறக்கும்வரை வல்லத்தில் யாரைப் பார்த்தாலும், தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் தன் படத்தைக் குப்பையில் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நர்சிடமும் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை. "நீங்க எங்க எடுத்தீங்க சித்தப்பா? கீழ வெச்சீங்க, அவ்ளோதான்" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "எங்க வெக்கணும்னு தெரிஞ்சி வெச்சேன்" என்றார்.